களத்தில் கிடக்கும் டிரெய்லருக்குப் பூட்டு எங்கே போடுவது?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் விவசாயம் செய்கிறேன். டிராக்டர் வீட்டு வாசலில் நிற்கிறது. டிரெய்லருக்கு அங்கே இடம் இல்லாததால், அரை கிலோமீட்டர் தள்ளி வயலோரக் களத்தில் நிறுத்தியிருக்கிறேன். தை அறுவடை முடிந்தால் குறுவை வரை அதற்குப் பெரிதாக வேலை இல்லை. டிரெய்லரை டிராக்டரோடு இணைக்கிற கொக்கிப் பின்னை மட்டும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். பக்கத்து ஊரில் ஒருவருடைய டிரெய்லர் காணாமல் போனதிலிருந்து மனசு கேட்கவில்லை. ஜிபிஎஸ் மாட்டினால் போதுமா?

பதில்: முதலில் அந்தப் பின் விஷயம். டிரெய்லர் திருட வருகிறவன் நடந்து வரமாட்டான், டிராக்டரோடு வருவான். அவன் டிராக்டரில் அவனுடைய கொக்கிப் பின் இருக்கும். அதுவும் இல்லையென்றால் ஒரு கடப்பாரைத் துண்டை ஓட்டைக்குள் விட்டாலே வண்டி நகர்ந்துவிடும். உங்கள் பின் உங்கள் வீட்டுத் திண்ணையில் பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்ஜின் கிடையாது, சாவி கிடையாது. இழுப்புச் சட்டத்தின் முனையில் இருக்கிற அந்த இரும்புக் கண்தான் டிரெய்லருக்குச் சாவித்துவாரம். ஆகவே முதல் பூட்டு அங்கேதான் வர வேண்டும். கண்ணின் ஓட்டைக்கு இறுக்கமாகப் பொருந்துகிற உருண்டை ராடு ஒன்றை வெட்டி, ஒரு முனையில் கனத்த பிளேட்டைப் பற்றவைத்து, மறுமுனையில் பூட்டு நுழையத் துளை போடச் சொல்லுங்கள். பூட்டைச் சுற்றித் தகடால் சின்னப் பெட்டி மாதிரி ஒரு மறைப்பும் வேண்டும், போல்ட் கட்டரின் வாய் உள்ளே போகக்கூடாது. எந்த லேத் பட்டறையிலும் அரை நாள் வேலை. ஓட்டைக்குள் இந்த ராடு இருக்கும்வரை வேறு பின் நுழையாது.

இதைவிடச் சுலபமானது, காசே ஆகாதது ஒன்று இருக்கிறது. டிரெய்லரின் மூக்கை வழியைப் பார்த்து நிறுத்தாதீர்கள். களத்துக் கொட்டகைச் சுவரையோ பெரிய மரத்தையோ முட்டுகிற மாதிரி, உள்பக்கம் பார்த்து நிறுத்துங்கள். டிராக்டரைப் பின்னால் கொண்டுவந்து மாட்ட இடமே இருக்கக்கூடாது. அவசரத்தில் நாம் எல்லோருமே மறுநாள் மாட்டுவதற்கு வசதியாகத்தான் நிறுத்துவோம். அந்த வசதி திருடனுக்கும்தான்.

அப்புறம் நம் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் ஓடுகிற மாதங்களில் டெல்டாவே ஒரு காவல்காரன். வயல் சேறாக இருக்கும், வாய்க்கால் மதகுப் பாலத்தைத் தவிர வண்டி வெளியேற வழி இருக்காது. பாதை உங்களுக்கு மட்டும் உரியதென்றால் அந்தப் பாலத்தில் ஒரு சங்கிலி போட்டாலே பாதி வேலை முடிந்தது. பொதுவழி என்றால் அது முடியாது. அறுப்பு முடிந்து வயல் காய்ந்துவிட்டாலோ, வரப்பை ஏறி எந்தப் பக்கமும் போய்விடலாம். மேட்டூர் திறப்பது வழக்கப்படி ஜூன் 12. மாசி முதல் அதுவரைதான் உங்கள் டிரெய்லருக்குக் கண்டம்.

அந்த மாதங்களுக்குச் சங்கிலி தேவை. கிணற்று வாளிக்குக் கட்டுகிற சங்கிலி போல்ட் கட்டருக்கு அப்பளம். 12 மி.மீ. கனத்தில், கடினப்படுத்திய இரும்பில் கேட்டு வாங்குங்கள். கையால் பிடிக்கிற கட்டர் அதில் திணறும். பேட்டரி கிரைண்டர் எதையும் அறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் ராத்திரி வயல்வெளியில் அந்தச் சத்தம் எவ்வளவு தூரம் கேட்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சக்கரத்தை மட்டும் சுற்றிக் கட்டினால், வீல் நட்டைக் கழற்றி வேறு சக்கரம் மாட்டிக்கொண்டு போய்விடுவான். டிஸ்க்கின் ஓட்டை வழியாக விட்டு, ஆக்ஸிலையும் சுற்றி, மண்ணில் புதைத்த வளையத்தில் பூட்டுங்கள். சங்கிலி தரையில் தொங்கக்கூடாது. தொங்கினால் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மற்றதன்மேல் ஏறி மிதித்தே துண்டாக்கிவிடலாம்.

அந்த வளையத்துக்கு வெறும் கம்பியை அடித்து இறக்கினால் போதாது. நம் களிமண் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் ஊறிக் கொழகொழவென்று ஆகும். ஒரே வருஷத்தில் கம்பி ஆடத் தொடங்கிவிடும். மூன்றடி ஆழம் தோண்டி, குழியை அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் எடுத்து, வளைத்த கம்பிக்குக் குறுக்கே இரண்டு துண்டுக் கம்பி கட்டி, கான்கிரீட் போடுங்கள்.

இனி ஜிபிஎஸ். அது வண்டி போன பிறகுதான் பேசும். டிரெய்லரில் மின்சாரம் கிடையாது என்பதால் தனி பேட்டரியில் ஓடுகிற, அசைந்தால் விழித்துக்கொள்கிற வகை வேண்டும். இரும்புப் பெட்டிக்குள் ஒளித்தால் சிக்னல் கிடைக்காது. சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்துபோய் மூன்று மாதமாகச் செத்துக் கிடந்த கருவிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மாட்டுவதானால் மாட்டுங்கள், பூட்டுக்கு அப்புறம்.

காகிதத்தையும் எடுத்துப் பாருங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண் உண்டு. டிராக்டர் பாலிசியில் டிரெய்லரும் சேர்ந்திருக்கிறதா, தேர்டு பார்ட்டி மட்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் திருட்டுக்கு ஒரு பைசா வராது. சேஸிஸ் எண்ணைப் போட்டோ எடுத்து வையுங்கள். அடிச்சட்டத்தின் உள்பக்கத்தில் உங்கள் இனிஷியலை வெல்டிங்கில் எழுதிவிடுங்கள். பெயிண்டை மாற்றுவது ஒரு மணி நேர வேலை, ஆனால் அடியில் படுத்துத் தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது.

ஒருவேளை போய்விட்டால், அன்றைக்கே புகார் கொடுத்துவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் சொல்லுங்கள். காவல் நிலையத்தில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாதீர்கள், கம்பெனி கேட்பது எப்.ஐ.ஆர். என்ற முதல் தகவல் அறிக்கை. வீடு ஒரு ஸ்டேஷன், களம் இன்னொரு ஸ்டேஷன் என்று அலையவும் வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதியச் சொல்கிறது.

கடைசியாக, பூட்டின் துவாரம் கீழே பார்க்கிற மாதிரி தொங்கவிட்டு, பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி மேலே மூடுங்கள். மாதம் ஒரு தடவை திறந்து மூடுங்கள். ஐப்பசி அடைமழையில் துருப்பிடித்த என் சொந்தப் பூட்டை, தை பிறந்ததும் நானே கிரைண்டர் வைத்து அறுத்திருக்கிறேன். இருபது நிமிஷம் ஆனது. சத்தம் கேட்டு நாலு பேர் ஓடிவந்தார்கள்.