முஸ்லிம் கவிஞர்களின் அரபுக் கவிதைக்குள் சிலுவை எப்படி வந்தது?

இயேசு சிலுவையில் இறக்கவில்லை என்பதுதான் முஸ்லிம்களின் பொதுவான நம்பிக்கை. அப்படியிருக்க இந்தக் கேள்வி நியாயமே. சிலுவை அங்கே மதக் கோட்பாடாக வரவில்லை. மடிந்து மீண்டும் துளிர்க்கும் மண்ணின் உருவகமாக வந்தது.

ஈராக்கியக் கவிஞர் பத்ர் ஷாக்கிர் அல்-சய்யாபின் 'சிலுவையேற்றத்துக்குப் பின் கிறிஸ்து' கவிதையையே பாருங்கள். சிலுவையிலிருந்து இறக்கப்பட்டவரே பேசுகிறார். பேரீச்சை மரங்களில் காற்று ஓலமிடுவது அவர் காதில் விழுகிறது. அப்புறம் ஆரஞ்சு பூக்கும் ஜைக்கூர் வருகிறது. அது எருசலேம் பக்கம் இல்லை, பஸ்ரா அருகே கவிஞர் பிறந்த கிராமம்!

மடிந்து மீண்டும் எழும் தெய்வமான தம்மூஸ் பற்றிய மெசபடோமியத் தொன்மமும் இதில் கலந்திருக்கிறது. அதனால்தான் சய்யாப், அதோனிஸ், யூசுஃப் அல்-கால் போன்றோரைத் 'தம்மூஸ் கவிஞர்கள்' என்கிறார்கள். இந்த மூவரில் அல்-கால் மட்டும் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர்.