பதினோரு பேரைத் தனியே உட்கார வைக்கலாமா?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் இந்த ஆண்டு (2025-26) ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். 34 பிள்ளைகளில் 11 பேருக்குக் கோவையாக வாசிக்க வரவில்லை. செய்யுள் நடத்தும்போது ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்களைத் தனியே உட்கார வைத்து எழுத்துப் பயிற்சி கொடுக்கலாமா? இன்னொன்று: 30 நாளில் வாசிக்க வைப்பதாகச் சொல்லி ஒரு நிறுவனத்தார் பிள்ளைக்கு 450 ரூபாய் வீதம் ஒரு பயிற்சிப் பெட்டி தருகிறார்கள். பெற்றோரிடம் வசூலித்து வாங்கலாம் என்கிறார் தலைமையாசிரியர். வாங்கலாமா?

பதில்: பெட்டியை வாங்காதீர்கள். பணம் போகிற விஷயம் என்பதால் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிட்டேன்.

இத்தகைய பெட்டிகள் நான்கைந்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். எழுத்து அட்டைகள், வழவழப்பான ஒரு சுவர்ப்படம், ஒரு பயிற்சி நூல், அந்த நிறுவனத்தின் பெயர் பொறித்த பென்சில். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெள்ளைப் பக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நீங்களே எழுதிவிடக்கூடியவை. அதைக்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது அவர்கள் நடத்தும் நிறைவு விழா. முதல் நாள் ஒரு பத்தியைக் கொடுத்து, பிள்ளை திணறுவதைப் படம் பிடித்துக்கொள்வார்கள். முப்பது நாளும் அதே பத்தியைச் சுற்றியே பயிற்சி நடக்கும். கடைசி நாள் பெற்றோர் முன்னிலையில் பிள்ளை கடகடவென்று ஒப்பிக்கும். அதையும் படம் பிடித்து அடுத்த பள்ளியில் காட்டுவார்கள்.

அப்படி ஒரு விழாவில் நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சிறுமி கணீரென்று வாசித்தாள். கைதட்டல் ஓய்ந்ததும் அவளை அருகில் அழைத்து, அதே தாளில் கடைசி வரியை மட்டும் வாசிக்கச் சொன்னேன். அவள் கண் தாளுக்கு வரவில்லை, கூரைக்குப் போயிற்று. முதல் வரியிலிருந்து மனத்துக்குள் ஓட்டி, கடைசி வரிக்கு வந்து சேர்ந்து, அப்புறம்தான் வாயைத் திறந்தாள். பாவம், அவள் மேல் என்ன குற்றம்? உங்களிடம் யாராவது பெட்டியோடு வந்தால், நீங்கள் தேர்ந்தெடுக்கும் புதிய பத்தியில் முப்பதாம் நாள் தேர்வு வைக்க ஒப்புக்கொள்வார்களா என்று கேளுங்கள். அத்தோடு பேச்சு நின்றுவிடும். தவிர, கல்வி உரிமைச் சட்டம் 2009, 6 முதல் 14 வயது வரையிலான கல்வியைக் கட்டணமற்றதாக ஆக்கியிருக்கிறது. அரசுப் பள்ளியில் பெற்றோரிடம் 450 ரூபாய் வாங்கிய விவகாரம் பின்னால் விசாரணைக்கு வந்தால், வசூலித்த கை உங்களுடையதாகத்தான் இருக்கும்.

இனி அந்தப் பதினோரு பேர். இவர்கள் இரண்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டிய 2020-21இல் பள்ளி பூட்டியிருந்தது. 2021 நவம்பரில் திறந்தபோது மூன்றாம் வகுப்பில் பாதி ஆண்டு ஓடிவிட்டது. அடிப்படை எழுத்தையும் எண்ணையும் கற்றுத்தரும் அரசுத் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ 2022இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தபோது இவர்கள் நான்காம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். பஸ் வந்து நிற்பதற்குள் நிறுத்தத்தைக் கடந்துவிட்ட பிள்ளைகள். அதன்பிறகு ஆண்டுக்கொரு பெயரில் திட்டமும், அதற்கொரு நிலைப் பட்டியலும், செயலியில் ஏற்ற ஒரு கட்டமும் வந்துகொண்டே இருக்கின்றன. கட்டத்தை நிரப்பும் நேரத்தில் ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து வாசித்துவிடலாம். பட்டியலைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொருவரையும் மூன்று நிமிடம் தனியே கூப்பிடுங்கள். மூன்றாம் வகுப்பு அளவில் நீங்களே ஆறு வரி எழுதிக் கொடுங்கள். பாடநூல் பத்தி வேண்டாம், அது காதில் ஏறியிருக்கும். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிக்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் எழுத்து தெரிந்திருக்கும். சொல்தான் வராது. ‘தங்கம்’ என்பதைத் த, ங், க, ம் என்று சரியாகச் சொல்லிவிட்டு, அது என்னவென்று கேட்டால் விழிப்பார்கள். தமிழில் க, ச, ட, த, ப ஐந்தும் சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறுபவை. ‘கடல்’ என்பதில் உள்ள ககரமும் ‘தங்கம்’ என்பதில் உள்ள ககரமும் வாயில் ஒன்றா? சுவர்ப்படம் இதைச் சொல்லித் தராது. சொல்லாகக் கேட்டு, சொல்லாகச் சொல்லித்தான் வரும். இன்னும் சிலர் கொம்பிலும் உகர ஊகார வரிசையிலும் தடுக்குவார்கள். கு, சு, து, மு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வளைவு அல்லவா? 247 எழுத்தையும் பத்து முறை எழுதிவரச் சொல்வது இதற்கு மருந்தாகாது. தடுக்கும் பத்துப் பன்னிரண்டு எழுத்தை மட்டும் எடுத்து, அவை வருகிற சொற்களை அவர்கள் பேச்சிலிருந்தே பிடியுங்கள். நேற்று ஊரில் நடந்ததை அவர்கள் சொல்ல, நீங்கள் கரும்பலகையில் ஐந்து வாக்கியமாக எழுதுங்கள். மறுநாள் அதைத் துண்டுச்சீட்டாக நறுக்கிக் கலைத்துப் போட்டு, வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். தினம் பதினைந்து நிமிடம், காலை வழிபாட்டுக்கு முன்போ மதிய உணவுக்குப் பிறகோ. செய்யுள் நேரத்தில் வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கண். எழுத்துக்கூட்டி முடிக்காத பிள்ளையைக் கரும்பலகையிலிருந்து ஆறடி, பன்னிரண்டடி தூரங்களில் நிற்கவைத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறதா, புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோகிறதா, கண்ணைச் சுருக்குகிறதா என்று கவனியுங்கள். நான் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவனை எட்டு மாதம் ‘மக்கு’ என்றே நினைத்திருந்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த அன்று, வகுப்புக்கு வெளியே இருந்த வேப்ப மரத்தைக் காட்டி, “இதில் இவ்வளவு இலை இருக்கிறதா சார்?” என்று கேட்டான். அந்த எட்டு மாதத்துக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. பள்ளிக் கண் பரிசோதனைக்கு ஆள் வரும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். வந்தாலும் அன்று அந்தப் பிள்ளை விடுப்பில் இருக்கும். பெற்றோரை அழைத்து, அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். போய்வந்தார்களா என்று திரும்பக் கேளுங்கள். பதினோரு பேரில் இருவருக்காவது கண்ணில் கோளாறு இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. தனியே உட்கார வைக்காதீர்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குக் கவிதை புரியாது என்று யார் சொன்னது? நம் பாட்டிமார் எத்தனை பேர் எழுத்தறியாமல் தாலாட்டும் ஒப்பாரியும் கட்டினார்கள்! உங்கள் பாடத்தில் எந்தச் செய்யுள் இருந்தாலும் வழி ஒன்றுதான். எனக்குக் கைவந்ததைச் சொல்கிறேன்: குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது. ஆறே அடி. புதிதாக மணமான பெண் தயிர் பிசைந்த விரலோடு, துவைக்காத சேலையை உடுத்தி, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, தானே குழம்பு வைக்கிறாள். கணவன் இனிது என்று சாப்பிடுகிறான். அவள் முகம் ‘நுண்ணிதின் மகிழ்ந்தன்று’, அதாவது வெளியே தெரியாமல் நுட்பமாக மகிழ்ந்தது.

புத்தகத்தைத் திறக்க வேண்டாம். நீங்கள் முதன்முதலில் சமைத்தது என்ன, யார் சாப்பிட்டார்கள் என்று கேட்டுத் தொடங்குங்கள். பையன்களும் சொல்லட்டும். பிறகு பாட்டை இரண்டு முறை நிதானமாகச் சொல்லுங்கள். நான்கு சொல்லுக்கு மட்டும் பொருள்: கலிங்கம் துணி, குய் தாளிப்பு, அட்ட சமைத்த, பாகர் குழம்பு. ஒரு பிள்ளை சமைக்க, ஒரு பிள்ளை சாப்பிட, மூன்றாவது பிள்ளை வாசலில் நின்று பார்க்கட்டும். வாசலில் நிற்பது யார் என்று வகுப்பைக் கேளுங்கள். மாமியார் என்பார்கள், பக்கத்து வீட்டுக்காரி என்பார்கள். ஏன் என்று பாட்டிலிருந்தே காட்டச் சொல்லுங்கள். செவிலித்தாய் பார்த்துவிட்டுப் போய்ப் பெற்ற தாயிடம் சொல்கிற பாட்டு இது என்பதைக் கடைசியில்தான் உடைக்க வேண்டும். கோனார் உரையோ நோட்ஸோ முதல் வரியிலேயே அதைச் சொல்லிவிடும், பிள்ளைகளுக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது. நோட்ஸை மேஜைக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

அவள் ஏன் வாய்விட்டுச் சிரிக்கவில்லை என்று ஒருமுறை கேட்டேன். நன்றாக வாசிக்கிறவர்கள் ‘நாணம்’ என்று உரையில் இருந்ததைச் சொன்னார்கள். பெயர் எழுதவே திணறும் ஒருவன், “பாராட்டுக்காகத்தான் காத்திருந்தாள் என்று அவருக்குத் தெரிந்துவிடுமே சார்” என்றான். இவனை அன்று வராந்தாவில் உட்கார வைத்து ‘கா, ஙா, சா’ எழுதச் சொல்லியிருந்தால் அந்தப் பதில் எனக்குக் கிடைத்திருக்காது.

இதற்குப் பிறகுதான் எழுத்து. ஆறு அடியையும் ஆறு சீட்டில் எழுதி, நன்றாக வாசிக்கும் ஒருவரும் தடுமாறும் ஒருவருமாக இணைகளிடம் கொடுங்கள். காதில் இருக்கும் பாட்டை வைத்து வரிசைப்படுத்தட்டும். மேலே மனப்பாடத்தைத் திட்டிவிட்டு இங்கே அதையே பயன்படுத்துகிறேனே என்று நினைப்பீர்கள். பெட்டிக்காரர்கள் ஒப்பித்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள்: சீட்டைச் சொல் சொல்லாக நறுக்கி, ‘குய்’ எங்கே, ‘இனிதென’ எங்கே என்று தேட விடுங்கள். ‘இனிதென’ என்பது இனிது, என என்று பிரிவதைத் தடுமாறுபவன் கையாலேயே வெட்டச் சொல்லுங்கள். இணையில் கெட்டிக்காரப் பிள்ளை முந்திக்கொள்ளும். மனத்துக்குள் மூன்று எண்ணிய பிறகுதான் உதவ வேண்டும் என்று விதி போடுங்கள். எல்லோரும் சேர்ந்து கத்தி வாசிக்கும் கூட்டு வாசிப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். மேற்பார்வைக்கு வருபவர்களுக்குப் பிடிக்கும், வாயசைப்பவர்களுக்கு அதைவிட நல்ல ஒளிவிடம் கிடையாது.

40 நிமிடத்தில் இது முடியாது. இரண்டு பாடவேளை ஆகும். பாடத்திட்டம் பின்தங்கும், கேட்பார்கள். என்னையும் கேட்டார்கள். அந்த வாரப் பதிவேட்டில் ‘செய்யுள் தொடர்ச்சி’ என்று எழுதிவிட்டு அடுத்த வாரம் ஒரு உரைநடைப் பாடத்தைச் சுருக்கினேன்.

வாசிக்கக் கொடுக்கப் புத்தகம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் தந்த சிறு நூல்கள் பல பள்ளிகளில் கட்டுப் பிரிக்காமல் பீரோவில் இருக்கின்றன; தொலைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயம். பீரோச் சாவியைத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். தொலைவதற்கு நான் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, முதல் பதினோரு புத்தகத்தை அந்தப் பதினோரு பேரையே எடுக்கச் சொல்லுங்கள்.