அமா அட்டா ஐடூவை எங்கிருந்து தொடங்குவது?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆப்பிரிக்கப் பெண் எழுத்து என்றாலே நைஜீரிய நாவலாசிரியை சிமமாண்டா அடிச்சி பெயரைத்தான் சொல்கிறார்கள். அவருக்கு முந்தைய தலைமுறையில் யாரைப் படிக்கலாம்?
– வாசகர், கரூர்

பதில்: கானாவின் அமா அட்டா ஐடூ. 1942இல் ஃபாண்டி இனக் குடும்பமொன்றில் பிறந்தவர். அப்பா ஊர்த் தலைவர். அந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் வந்ததே அவரால்தான். ஐடூ லெகோனில் உள்ள கானா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிக்கும்போதே, 1964இல், 'தி டைலமா ஆஃப் எ கோஸ்ட்' நாடகத்தை எழுதி மேடையேற்றிவிட்டார். மறு ஆண்டு அது புத்தகமானது. நாடகம் அச்சேறிய முதல் ஆப்பிரிக்கப் பெண் என்று அவரைச் சொல்வது இதை வைத்துத்தான். பிறகு கேப் கோஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். பின்னாளில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வருகைப் பேராசிரியர். 2000இல் பெண் எழுத்தாளர்களுக்காக 'எம்பாசெம்' அறக்கட்டளையைத் தொடங்கினார். 2023 மே 31 அன்று காலமானார்.

கேள்வி: முதலில் எந்தப் புத்தகம்? நாவலில் ஆரம்பிக்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். 1970இல் வந்த 'நோ ஸ்வீட்னஸ் ஹியர்' சிறுகதைத் தொகுப்பில் ஆரம்பியுங்கள். அதிலும் முதலில் 'தி மெசேஜ்'. கதை பேச்சாகவே திறக்கிறது. யார் பேசுகிறார் என்ற குறிப்பு கிடையாது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் பேத்தியின் வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தார்களாம் என்று கிழவிக்குச் செய்தி வருகிறது. வயிற்றைக் கிழித்தபின் யாராவது பிழைப்பார்களா? பிணத்தையாவது ஊருக்குக் கொண்டு வருவோம் என்று கிளம்புகிறாள். அங்கே போனால் பேத்தி இரட்டைக் குழந்தைகளோடு உயிருடன் இருக்கிறாள். கண்ணால் மட்டும் படித்தால் முதல் இரண்டு பக்கம் குழப்பும். வாய்விட்டுப் படியுங்கள், குரல்கள் தானாகப் பிரியும். அடுத்து 'இன் த கட்டிங் ஆஃப் எ டிரிங்க்'. தங்கையைத் தேடித் தலைநகர் அக்ராவுக்குப் போய்வந்தவன் ஊர்ப் பெரியவர்களிடம் ஒப்பிக்கும் கதை. நடுநடுவே அவன் குடிக்கக் கேட்கும் இடங்களைத் தாண்டிப் போகாதீர்கள். சொல்ல நாக்கு எழாத விஷயத்தை நெருங்கும்போதெல்லாம் அவனுக்குத் தொண்டை வறள்கிறது.

கேள்வி: 'அவர் சிஸ்டர் கில்ஜாய்' பாதியில் நின்றுவிட்டது. உரைநடை, திடீரென்று கவிதை, சில பக்கங்களில் சில சொற்கள் மட்டும். எப்படித்தான் படிப்பது?
– வாசகர், மதுரை

பதில்: பெரும்பாலோர் கவிதையைத் தாண்டிக் கதையைப் பிடிக்கப் பார்க்கிறார்கள், அங்கேதான் நாவல் கைநழுவுகிறது. உரைநடையில் நாயகி சிஸ்ஸி ஜெர்மனிக்கும் லண்டனுக்கும் போய்வருகிறாள். அவளுடைய கோபம் முழுக்கக் கவிதை வரிகளில் இருக்கிறது. 1977இல் வந்த சிறிய புத்தகம், நான்கு பகுதி. ஒரு பகுதியை ஒரே அமர்வில் முடியுங்கள். இரண்டாம் பகுதியில் பவேரியாவின் மரியா பழங்களோடு வந்து பழகுவதை இளம் தாய் ஒருத்தியின் தனிமை என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் கிடைக்கும். மரியா முத்தமிட வரும்போது சிஸ்ஸி அடித்துவிடுகிறாள். பிறகு மரியாவின் வேதனையைப் பார்க்கும்போது சிஸ்ஸிக்குள் ஒரு கணம் சுகம் தட்டுகிறது. அதிகாரம் கைக்கு வந்தால் தானும் அப்படித்தான் என்று அவளைக் காட்டிவிடும் நேர்மை வேறு யாரிடமும் சுலபத்தில் கிடைக்காது. கடைசிப் பகுதி முழுக்கக் காதலனுக்கு ஒரு கடிதம். அதை அவள் அனுப்புவதில்லை.

கேள்வி: 'சேஞ்சஸ்' நாயகி எசி, கணவனை விட்டுவிட்டு ஏற்கெனவே மனைவி உள்ளவனை மணக்கிறாள். இதுவா பெண்ணியம்?
– வாசகி, கோவை

பதில்: எசியைப் பின்பற்றச் சொல்லி ஐடூ எங்கும் எழுதவில்லை. எசி புள்ளியியல் படித்து அரசு வேலையில் இருப்பவள். வேலைக்குக் கிளம்பும் காலையில் கணவன் ஓகோ அவளைப் பலவந்தப்படுத்துகிறான். மகளை அவனோடு விட்டு வெளியேறுகிறாள். அலியின் இரண்டாம் மனைவியானால் தன் நேரம் தன் கையில் இருக்கும் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு எங்கே பொய்க்கிறது என்பதுதான் நாவல். தோழி ஒபோகுயா செவிலி. நான்கு பிள்ளைகள், வேலை, வீடு, போதாததற்குத் தினமும் காலையில் கார் யாருக்கு என்று கணவனோடு வாக்குவாதம். எசியை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாமல் அந்தக் காரையும் கவனியுங்கள். 1992இல் காமன்வெல்த் எழுத்தாளர் பரிசின் ஆப்பிரிக்கப் பிரிவில் தேர்வான நாவல் இது.

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகக் குழு ஐடூவைத் தமிழில் போட விரும்புகிறது. எது சுலபம்?
– மாணவர், பாளையங்கோட்டை

பதில்: 'டைலமா'. ஒரே முற்றம்தான் அரங்கம். அமெரிக்கக் கறுப்பினப் பெண் யூலலியைக் கட்டிக்கொண்டு வருகிறான் அட்டோ. பிள்ளையைத் தள்ளிப்போட்டது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. அவனோ வீட்டில் வாயே திறப்பதில்லை. மலடி என்ற பேச்சு அவள்மேல் விழுகிறது. தமிழில் சறுக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. மாமியார் எசி கோமும் யூலலியும் ஒரே தமிழில் பேசிவிட்டால், நடுவில் நின்று மறைக்கும் அட்டோவுக்கு வேலையே இல்லை. யூலலிக்கு ஆங்கிலம் கலந்த தமிழும் மற்றவர்களுக்கு ஊர்த் தமிழும் கொடுங்கள். வழியில் வம்பளக்கும் இரண்டு பெண்களை ஆள் குறைவு என்று வெட்டிவிடாதீர்கள். ஒருத்தி பிள்ளையில்லாதவள், இன்னொருத்தி பிள்ளைகள் நிறைந்தவள். ஊரின் மனசே அவர்கள் வழியாகத்தான் வருகிறது. நத்தைக் காட்சியில் சிரிப்பு எழும். மாமியார் ஆசையாகக் கொண்டுவந்த நத்தை அது என்பது அதற்கு முன்பே அவையில் பதிந்திருக்க வேண்டும்.

'அனோவா' இன்னும் ஆழமானது. 1870களில், அடிமை வாங்கிப் பணக்காரனாகும் கணவனை எதிர்க்கும் பெண்ணின் கதை. 'உப்பும் மிளகாயும் தின்னும் வாய்' என்று ஒரு கிழவனும் கிழவியும் வந்து ஊர்ப்பேச்சைச் சொல்வார்கள். அனோவா வெளியேறியதோடு முடிக்கலாம், அந்த இருவரையும் மறுபடி கொண்டுவந்தும் முடிக்கலாம் என்று ஐடூவே விட்டுவைத்திருக்கிறார்.

அனுமதி விஷயம்: இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும், அதாவது 2083 முடியும்வரை. கல்லூரிச் செயல்பாடாக மாணவர், ஆசிரியர், பெற்றோர் முன்னால் மட்டும் நடித்தால் விலக்கு உண்டு. டிக்கெட் போட்டு ஊருக்குத் திறந்தாலோ மொழிபெயர்ப்பை அச்சிட்டாலோ பதிப்பகத்துக்கு முன்கூட்டியே எழுத வேண்டும்.

கேள்வி: அவர் மந்திரியாகவும் இருந்தாராமே?
– வாசகர், ஈரோடு

பதில்: 1982இல், ராலிங்ஸ் ஆட்சியில், கல்வித்துறைக்கு. எல்லோருக்கும் இலவசக் கல்வி என்ற எண்ணம் நடக்காது என்று தெரிந்ததும் சுமார் 18 மாதத்தில் விலகினார். 1983இல் ஜிம்பாப்வேக்குப் போய் அங்கே கல்வி அமைச்சகத்துக்காகப் பாடத்திட்டப் பணி செய்தார்.