41 வயதில் மலை ஓட்டக் குழுவில் சேரலாமா? எப்போதும் கடைசியாக வந்து மற்றவர்களைக் காக்க வைப்பேனோ என்று கூச்சமாக இருக்கிறது

சேருங்கள். கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். மீதியை எழுத வைத்தது உங்கள் கேள்வியில் இருக்கும் 'கடைசியாக' என்ற அந்த ஒரு சொல். கடைசியாக வருவதில் இந்தத் தளத்தில் என்னைவிட அனுபவசாலி யாரும் இருக்க மாட்டார்கள். வருடக்கணக்காக அதுதான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை உத்தியோகம்.

உங்களுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் பயமுறுத்தியிருக்கிறார், மேகத்துக்கு நடுவே யாரோ ஓடும் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். நான் அப்படித்தான் வந்தேன், 2015இல், 39 வயதில்.

எனக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. எங்கள் குழுவுக்குப் பெயர் பலகை, பதிவு எண் எதுவும் கிடையாது. ஜோலார்பேட்டை ரயில்வேக்காரர்கள் நாலு பேர் ஆரம்பித்தது. பிறகு வாணியம்பாடியிலிருந்து ஒரு நர்ஸம்மா, பேங்க்கில் வேலை செய்யும் தம்பி, காலேஜ் பசங்க மூணு பேர் என்று சேர்ந்துகொண்டே போனது. ஞாயிறு காலை 4.45க்கு ஏலகிரி அடிவாரம், பொன்னேரி கூட்ரோட்டில் கூடுவோம்.

ஏலகிரி ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குப் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆகவே எங்கள் பேச்சைப் பக்கத்தில் நின்று கேட்பவர்களுக்குத் தலை சுற்றும். "இன்னைக்கு பாரி வரைக்கும் நடை, அப்புறம் ஓட்டம்", "அவ்வை கிட்ட வண்டி பார்த்து வா." முதல் நாள் நான் கபிலரில் வாந்தி எடுத்தேன். தமிழாசிரியர்கள் பொறுத்துக்கொள்ளவும், வளைவைச் சொன்னேன்.

அன்று முதுகைத் தடவிக் கொடுத்தவர்தான் கார்டு சார். சரக்கு ரயிலிலும் பாசஞ்சரிலும் முப்பது வருடத்துக்கு மேல் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். 2022இல் ரயில்வே அந்தப் பதவிக்கு 'டிரெயின் மேனேஜர்' என்று பெயர் மாற்றிவிட்டது, எங்களுக்கு அவர் கார்டு சார்தான். சர்வீஸ் முழுக்க வண்டியின் கடைசிப் பெட்டியில் போன மனுஷன், மலையிலும் கடைசியாகத்தான் வருவார். நான் மூச்சிரைத்துக்கொண்டே "நீங்க போங்க சார், நான் மெதுவா வர்றேன்" என்றேன். "நான் போனா வண்டி வந்து சேராது" என்றார். எனக்கு அப்போது புரியவில்லை.

பிறகொரு நாள் விளக்கினார். ரயிலின் கடைசிப் பெட்டியின் முதுகில் மஞ்சளில் பெரிய எக்ஸ் குறி பார்த்திருப்பீர்கள். கூடவே எல்.வி. என்று ஒரு பலகை தொங்கும், 'லாஸ்ட் வெஹிக்கிள்', அதாவது கடைசிப் பெட்டி என்பதன் சுருக்கம். ராத்திரியில் சிவப்பு விளக்கு. என்ஜின் ஸ்டேஷனைத் தாண்டிவிட்டால் மட்டும் வண்டி வந்துவிட்டதாகக் கணக்கில்லை. அந்த எல்.வி.யைக் கண்ணால் பார்த்த பிறகுதான் முழு வண்டியும் வந்ததாக எழுத முடியும். நடுவில் எங்காவது கப்ளிங் அறுந்து நாலு பெட்டி பின்னால் நின்றுவிட்டிருந்தால்? அது தெரியாமல் அடுத்த வண்டியை விட்டால்?

பயிற்சி பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் கோச் இல்லை, எந்தச் சான்றிதழும் கிடையாது, பட்டதைச் சொல்கிறேன். 40 தாண்டியவர் என்பதால் ஒரு ஈசிஜி எடுத்துவிட்டு வாருங்கள், அதில் வாதம் வேண்டாம்.

ஏற்றத்தில் நடக்கலாம். வெட்கமே வேண்டாம். செங்குத்தான இடத்தில் உள்ளங்கையைத் தொடையில் ஊன்றி, சின்னச் சின்ன அடியாக வைத்து நடப்பவன் பல நேரம் ஓடுகிறவனைவிட முன்னால் போவான். கார்டு சாரிடம் கடிகாரம், இதயத் துடிப்பு பார்க்கும் நெஞ்சுப் பட்டை எதுவும் கிடையாது. பக்கத்தில் வந்துகொண்டே "பொண்ணுக்கு காலேஜ் கிடைச்சுதா?" என்று கேட்பார். ஒரு முழு வாக்கியம் உடையாமல் பதில் சொல்ல முடிந்தால் வேகம் சரி. "கிடைச்...சு...து" என்றால் "இன்னா அவசரம், மெதுவா" என்பார். இப்படியே எல்லார் வீட்டுக் கதையும் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நர்ஸம்மா மாமியார் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தது, பேங்க் தம்பிக்குப் பெண் பார்த்தது எல்லாம் இந்த மூச்சுப் பரிசோதனையில் தொடங்கியவைதான்.

கணக்கு ஒன்று: மலை ஓட்டத்தில் 100 மீட்டர் ஏற்றத்தைச் சமதளத்தில் கூடுதலாக ஒரு கிலோமீட்டர் ஓடியதாக எடுத்துக்கொள்வார்கள். 12 கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏறினால் கால்களுக்கு அது 18. ரோட்டில் உங்கள் வேகம் என்ன என்று யாராவது மலையில் கேட்டால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கொல்வது இறக்கம்தான். முதல் மாதத்தில் ஒரு நாள் பசங்களோடு போட்டி போட்டு 14 வளைவும் தடதடவென்று இறங்கினேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் எங்கள் வீட்டு இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்தவன் சுவரைப் பிடித்து அழுதுகொண்டே எழுந்தேன். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. அதுதான் அந்த வலி. இரண்டு மூன்று தடவை பழகிவிட்டால் அதே இறக்கம் பாதிகூட வலிக்காது. எட்டி எட்டிக் கால் வைக்காமல், சூடான தரையில் நடப்பது போலக் குட்டி அடி வைத்து இறங்குங்கள். கால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் எழுதியிருக்கிறபடி ஒரு லிட்டருக்கு என்றால் முழு லிட்டரில் கலக்குங்கள். டம்ளர் தண்ணீரில் கொட்டிக் குடித்துவிட்டு வயிறு கலக்குகிறது என்பவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

ஷூ பற்றிக் கேட்காதீர்கள் என்று சொல்ல நினைத்தேன், முடியவில்லை. மலைக்கு அடிப்பாகத்தில் நாலைந்து மில்லிமீட்டர் பல் இருக்கிற சோல் வேண்டும், கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். அவ்வளவுதான் ரகசியம். ஆனால் அந்த மாதிரி ஒரு ஜோடிக்குக் கடையில் போட்டிருக்கிற விலை எங்கள் லைனில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற அக்காவுடைய சம்பளத்தில் பாதிக்கு மேல். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் ஷூ என் கையில் திரும்பிப் பார்க்கப்பட்டுப் போகிறது. ஒரு தையல் கோணினால் நான்தான் ரிஜெக்ட் போட வேண்டும். அந்த ரிஜெக்ட்டைக்கூட எங்களுக்குத் தர மாட்டார்கள், வெட்டித்தான் போடுவார்கள். பிராண்டு மதிப்பு கெட்டுவிடுமாம். ஊருக்கே செருப்பு செய்கிற ஊரில், எங்கள் தெருப் பிள்ளைகள் ஸ்கூல் ஸ்போர்ட்ஸில் இன்றும் வெறுங்காலில் ஓடுகிறார்கள். சரி, இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை. ஆரம்பத்துக்கு உங்களிடம் இருக்கிற ஷூ போதும்.

இப்போது சொல்ல வந்த விஷயம். இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

2017 மே மாதம். அதற்குள் நான் கொஞ்சம் தேறிவிட்டிருந்தேன், தொப்பை இறங்கிவிட்டது, கையில் கடிகாரமும் ஏறிவிட்டது. அந்த ஞாயிறு கார்டு சாருக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். முந்தின நாள் போன் செய்து "நாளைக்கு நீ எல்.வி." என்றார். ஒன்பது பேர் ஏலகிரி மேலே இருக்கும் அத்தனாவூரிலிருந்து நிலாவூர்ப் பக்கம் போய்த் திரும்புவதாகத் திட்டம். புதிதாகத் திருப்பத்தூரிலிருந்து ஒரு கணக்கு வாத்தியார் வந்திருந்தார். நாற்பத்தைந்து வயசிருக்கும். நல்ல மனுஷன், ஆனால் நத்தை.

இரண்டு இடத்தில் நின்றேன். மூன்றாவது இடத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். அன்றைக்கு என் நேரம் நன்றாக வந்துகொண்டிருந்தது. ஒரு பலா மரத்தடியில், "நேரா வாங்க சார், ஊர் வந்துடும், நான் முன்னாடி போறேன்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன்.

எட்டு மணிக்கு டீக்கடை. போண்டா, டீ, போட்டோ. எட்டே கால். எட்டரை. வாத்தியாரைக் காணோம். போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. அந்த நேரம் பார்த்துக் கல்யாண மண்டபத்திலிருந்து கார்டு சார் கூப்பிடுகிறார். பின்னால் நாதஸ்வரம் கேட்கிறது. திட்டவில்லை. "எத்தனை பேர் போனீங்க? எத்தனை பேர் வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். ஒன்பது, எட்டு என்று நான் சொன்னதும் வைத்துவிட்டார்.

பலா மரத்துக்குத் திரும்பி ஓடினேன். அங்கே பாதை இடது பக்கம் வளைந்து ஊருக்குப் போகிறது. நேராக இன்னொரு ஒற்றையடிப் பாதை கீழே இறங்குகிறது. நான் தினமும் ஷூவின் அடியைத் திருப்பிப் பார்த்துச் சாப்பிடுகிறவன். புழுதியில் குனிந்து பார்த்தேன். அலை அலையாக வரி போட்ட ரோடு ஷூ, வலது குதிகாலின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்துபோன தடம். காலையில் அவர் குனிந்து லேஸ் கட்டும்போது அந்தத் தேய்மானத்தைப் பார்த்து, "சார், வேற வாங்கிடுங்க" என்று சொன்னவனே நான்தான். தடம் நேராக இறங்கிக்கொண்டிருந்தது.

அது ஜலகம்பாறை அருவிக்குப் போகும் இறக்கம், மலையின் அந்தப் பக்கம். பாதி வழியில் பாறையில் தடம் மறைந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் அவர் மனைவியிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக யோசித்துவிட்டேன். பிறகு ஒரு சருகுத் திட்டில் மறுபடி அந்தத் தேய்ந்த குதிகால். கீழே அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லிங்க வடிவத்தில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது, அதன் நிழலில் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு பாட்டி கொடுத்த மோர் சொம்பு பக்கத்தில். ஷூவைக் கழற்றி வைத்திருந்தார், இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துவிட்டிருந்தன. மணி பதினொன்று.

கோபமாகக்கூட இல்லை. "நீங்கதானே சார் நேரா வாங்கன்னீங்க. நேரா இருந்தது இது ஒண்ணுதான்" என்றார்.

கணக்கு வாத்தியாரிடம் என்ன பதில் சொல்வது?

இதைப் படித்ததும் 'வனத்துறை அனுமதி வாங்கினீர்களா' என்று கீழே கேட்கப் போகிறவர்களுக்கு: நியாயமான கேள்வி. இது 2018 மார்ச்சில் தேனி குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததற்கு முந்தைய வருடம். அன்று எங்களுக்கு அந்தப் புத்தி இல்லை, பெருமையாகச் சொல்லவில்லை. இப்போது காட்டுக்குள் போவதென்றால் அனுமதி, வழிகாட்டி இரண்டும் இல்லாமல் கால் வைப்பதில்லை. மற்ற நாட்களில் ரோடும் ஊர்ப் பாதையும்தான். 'ஒன்பது பேரில் ஒருத்தரைத் தொலைத்த குழுவிலா சேரச் சொல்கிறாய்' என்றும் கேட்பீர்கள். குழு தொலைக்கவில்லை, நான் தொலைத்தேன்.

அடுத்த ஞாயிறு போகவே கூடாது என்று இருந்தேன். நாலு மணிக்கு வீட்டு வாசலில் ஹாரன். கார்டு சார் தன் டிவிஎஸ்ஸில் ஜோலார்பேட்டையிலிருந்து ஆம்பூர் வரை வந்திருக்கிறார். "டீ-ஷர்ட்டைத் திருப்பு" என்றார். பையிலிருந்து லாரிக்கு ஒட்டுகிற மஞ்சள் ரேடியம் டேப்பை எடுத்து, பல்லால் கடித்து இரண்டு துண்டாக்கி, என் முதுகில் குறுக்கும் நெடுக்குமாக எக்ஸ் ஒட்டினார். என் மனைவி வாசலில் நின்று வாயைப் பொத்திச் சிரித்தாள். அன்றிலிருந்து எல்.வி. நான். அவர் முட்டிவலியால் இப்போது டீக்கடையோடு நின்றுவிட்டார், ஆனால் நான் கடைசியாக வந்து சேரும்வரை டீ சொல்ல விடமாட்டார். பசியில் பசங்க முறைப்பார்கள்.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன், நீங்கள் சேரப்போகிற குழுவில் முதலில் வருபவர் யார் என்று விசாரிக்காதீர்கள். கடைசி ஆளோடு யார் வருவார் என்று கேளுங்கள். யாரும் இல்லை, அவரவர் பாடு என்றால் வேறு குழு பாருங்கள். எங்கள் பக்கம் வருகிறீர்கள் என்றால் என் கடைசி இடத்தை நீங்கள் எடுக்க முடியாது, அது ஏற்கெனவே எக்ஸ் போட்டு ரிசர்வ் ஆகிவிட்டது.

வாத்தியார் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மூன்றே வாரம், விழுந்த நகம் முளைக்கக்கூட இல்லை, அதற்குள் திரும்பி வந்துவிட்டார், புது ஷூவோடு. இப்போது என்னைவிட இருபது நிமிடம் முன்னால் முடிக்கிறார். ஊர்ப் பாதையில் எந்தப் பிரிவு வந்தாலும் நின்று, பின்னால் வரும் எனக்குக் கேட்கிற மாதிரி, "சார், நேரா வராதீங்க, லெஃப்ட்டு!" என்று கத்திவிட்டுத்தான் போகிறார்.