குர்குமின் சலைனில் திரிந்துபோனால்

வணக்கம் தம்பி. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் தெளிவாகக் கரைந்த குர்குமின் (மஞ்சளின் நிறப்பொருள்), சலைன் எனும் உப்புநீர் ஊற்றியதும் மஞ்சள் துகளாகப் பிரிகிறது, கட்டி உள்ள எலிகளுக்கு வயிற்றில் ஊசி போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடாதீர்கள். துகள் ஊசியிலேயே தங்கும்; எந்த எலிக்கு எவ்வளவு போனது என்றே தெரியாது. டிஎம்எஸ்ஓ-வைக் கூட்டியும் சமாளிக்க வேண்டாம், அதுவே உடலைப் பாதிக்கும்.

வாய்வழி கொடுப்பதுதான் நல்லது. 0.5% சோடியம் சிஎம்சி (கார்பாக்சிமீதைல் செல்லுலோஸ், நீரைக் கெட்டியாக்கும் பொடி) கரைசல் போதும். வெதுவெதுப்பான நீரைக் கலக்கிக்கொண்டே சிஎம்சி பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் கேப்பைக்கூழ் மாதிரி கட்டி தட்டிவிடும். குர்குமினைக் கல்வத்தில் இரண்டு சொட்டு ட்வீன் 80 (துகள் நீரில் கலக்க உதவும் பொருள்) விட்டு நன்றாகக் குழைத்து, அப்புறம் சிஎம்சி கரைசலைச் சேருங்கள். இந்தக் குழைப்பில்தான் எல்லாமே இருக்கிறது. உடல் எடை கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்றால் மில்லிக்கு 10 மில்லிகிராம் கலவை. 20 கிராம் எலிக்கு 0.2 மில்லி. ஒவ்வொரு எலிக்கும் எடுக்கும் முன் குலுக்குங்கள், அடியில் படியும்.

மதுரை வெயிலில் முந்தின நாள் கலவையை வைத்து ஓட்டாதீர்கள். தினமும் புதிதாக, வெளிச்சம் படாமல். காரத்தன்மையிலும் குர்குமின் சீக்கிரம் சிதையும்.

ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் சிஎம்சி, ட்வீன் மட்டும் பெறும் ஓர் எலிக்குழு கட்டாயம் வேண்டும். மிளகின் பைப்பரின் சேர்த்தால் உறிஞ்சுதல் கூடும்; 1998-இல் வந்த ஆய்வில் பெரிய வகை எலிகளில் (ராட்) 154% கூடியது. சேர்த்தால் பைப்பரின் மட்டும் பெறும் குழுவும் வையுங்கள். ஊசியிலிருந்து வாய்வழிக்கு மாறுவதால் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் திருத்த அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.