கேஸ் மேல் பழி போடாதீர்கள்: சின்ன வண்டி ஏசி, ஹீட்டர் கேள்வி பதில்

கோவையில் கார் ஏசி வேலைக்கு வந்து 20 வருடம் தாண்டிவிட்டது. ஷெட் மேட்டுப்பாளையம் ரோட்டில். அதனால் கீழே வெயிலில் வெந்த வண்டியும் வரும், ஊட்டிக் குளிரில் நடுங்கி இறங்கிய வண்டியும் வரும். ஆல்ட்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, க்விட் மாதிரி சின்ன வண்டிக்காரர்கள் கேட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். பாதிப் பேர் கேள்வியை ஆரம்பிப்பதே "கேஸ் போட்டும்..." என்றுதான்.

கேள்வி (வேலூர்): அண்ணே, 2013 ஆல்ட்டோ. வருடா வருடம் ஏப்ரலில் கேஸ் டாப்-அப் பண்ணுவேன். இந்த முறை மூன்றே வாரத்தில் கூலிங் போய்விட்டது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கேஸ் போட வேண்டும்?

பதில்: தம்பி, கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சாமான் இல்லை. கேஸை அழுத்துகிற கம்ப்ரஸர், அதன் சூட்டை வெளியே விடுகிற கண்டென்ஸர், காற்றைக் குளிரவைக்கிற கூலிங் காயில் என்று மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகப் பல வருடத்தில் கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். மூன்று வாரத்தில் போனால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

கேஸோடு எண்ணெயும் சுற்றுகிறது என்பதால், கசிகிற இடத்தில் எண்ணெய் பிசுக்கும் அதன்மேல் தூசியும் படிந்திருக்கும். கண்டென்ஸரின் கீழ் மூலை, ஹோஸ் இணைப்புகள், கம்ப்ரஸரின் முன்பக்க சீல், கேஸ் ஏற்றுகிற வால்வுக்குள் இருக்கும் ஊசி, இந்த நாலு இடத்தை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வால்வு மூடியைத் தொலைத்துவிட்டு ஓட்டுகிறவர்கள் நிறைய. கண்ணுக்குத் தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்து, சோப்பு நுரை தடவித் தேட வேண்டும். எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் மேல் சந்தேகம் போகும். அதுதான் செலவு வைக்கிற இடம்.

ஓட்டையை அடைத்தபின் குறைந்தது அரை மணி நேரம் வேக்யூம் போட வேண்டும், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்ச வேண்டும். உள்ளே ஈரம் நின்றால் அது உறைந்து வழியை அடைக்கும், எண்ணெயையும் கெடுக்கும். பிறகு தராசில் நிறுத்துத்தான் கேஸ் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்று பானட்டுக்குள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சின்ன வண்டி பலவற்றுக்கு 300-லிருந்து 450 கிராம்தான். 350 கிராம் பிடிக்கிற வண்டியில் 50 கிராம் கூடுதலாகப் போனால் ஏழில் ஒரு பங்கு தப்பு. "நிறையப் போட்டா நிறையக் கூலிங்" என்பது கிடையாது. கூடினாலும் கண்டென்ஸர் திணறி அழுத்தம் ஏறும், கூலிங் குறையும். கேஜ் முள்ளை மட்டும் பார்த்து "கொஞ்சம் ஏத்திடலாம்" என்கிற ஷெட்டில் வண்டியை விடாதீர்கள்.

கேள்வி (சென்னை): ஓடும்போது ஜில்லென்று இருக்கிறது. கிண்டி சிக்னலில் நின்றால் வெறும் காற்று. கம்ப்ரஸர் மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

பதில்: அவசரப்படாதீர்கள் சார். ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்ஸரைக் குளிரவைக்கிறது. நின்றால் அந்த வேலையை ஃபேன்தான் பார்க்க வேண்டும். வண்டியை நிறுத்தி ஏசி போட்டு, பானட்டைத் திறந்து ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றினால் மட்டும் போதாது. மோட்டாரில் கார்பன் தேய்ந்துபோனால் சோம்பலாகச் சுற்றும், பார்வைக்கு நன்றாக ஓடுகிற மாதிரியே தெரியும்.

நாங்கள் செய்கிற எளிய சோதனை ஒன்று உண்டு. கூலிங் குறைந்திருக்கும் அந்த நேரத்திலேயே, முன் கிரில் வழியாகக் கண்டென்ஸர் மேல் ஒரு மக் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். உள்ளே காற்று உடனே ஜில்லாகிறதா? அப்படியானால் சூடு வெளியேறாததுதான் நோய். ஃபேனைப் பாருங்கள், இல்லாவிட்டால் கண்டென்ஸரில் அடைந்த பூச்சி, மண், பஞ்சைக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பையனிடம் பிரஷர் கன்னைக் கிட்டே வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மெல்லிய தகடு மடங்கினால் காற்றே போகாது. தண்ணீர் ஊற்றியும் மாற்றமில்லை என்றால் அப்புறம் கம்ப்ரஸரைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி (மதுரை): மதியம் வெயிலில் நிறுத்திய வண்டி குளிர 20 நிமிடம் ஆகிறது. அதற்குள் வீடே வந்துவிடுகிறது! ஃபிலிம் ஒட்டலாமா?

பதில்: வெளியே 38 டிகிரி இருந்தால் மூடிய காருக்குள் 55-ஐத் தாண்டும். டேஷ்போர்டு அதைவிடச் சூடு. அந்தச் சூட்டை ஏசி கொண்டு குளிரவைப்பதைவிட வெளியே துரத்துவது சுலபம். ஒரு பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கக் கதவை விசிறி மாதிரி ஐந்தாறு முறை திறந்து மூடுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பிறகு ஏசியும் புளோயரும் முழு வேகத்தில், கண்ணாடி நாலும் பாதி இறங்கியபடி ஒரு நிமிடம் ஓட்டுங்கள். அதன்பின் கண்ணாடியை ஏற்றி, உள்காற்றையே சுற்றவிடுகிற ரீசர்குலேஷன் பட்டனை அழுத்துங்கள். ஏறி உட்கார்ந்ததும் ரீசர்குலேஷன் போடுவதுதான் பெரும்பாலோர் செய்கிற தப்பு. 55 டிகிரிக் காற்றையே திரும்பத் திரும்பக் குளிரவைக்கச் சொல்கிறீர்கள்.

முன் கண்ணாடிக்கு உள்பக்கம் வைக்கிற வெள்ளி மடிப்பு அட்டை சில நூறு ரூபாய்தான். சின்ன வண்டியில் கண்ணாடிக்கும் நெஞ்சுக்கும் தூரமே இல்லை என்பதால் பெரிய வண்டியைவிட இதில் பலன் அதிகம்.

ஃபிலிம் விஷயம். முன், பின் கண்ணாடி 70 சதவீதமும் பக்கக் கண்ணாடி 50 சதவீதமும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது விதி. 2012-ல் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டவே தடை போட்டது. பிறகு விதி திருத்தப்பட்டது. இந்த அளவுக்குள் இருக்கிற ஃபிலிமுக்கு அபராதம் போட முடியாது என்று 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் ரோட்டில் கைகாட்டி நிறுத்துகிறவரிடம் தீர்ப்பு வாசித்துக்கொண்டிருக்க உங்களுக்குப் பொறுமை வேண்டும். இன்னொன்று, கறுப்பாக இருந்தால் சூட்டைத் தடுக்கும் என்று அர்த்தமில்லை. சூட்டில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் வருகிறது. அதைத் தடுக்கிற ஃபிலிம் கிட்டத்தட்ட தெளிவாகவே இருக்கலாம்.

கேள்வி (ஈரோடு): அண்ணா, இரண்டு இடத்தில் பார்த்தாயிற்று. கேஸ் சரி, பிரஷர் சரி, ஃபேன் சரி என்கிறார்கள். ஆனாலும் காற்று சுமாராகத்தான் குளிர்கிறது. டாக்டர் எல்லா டெஸ்டும் நார்மல் என்ற கதையாக இருக்கிறது.

பதில்: அம்மா, ஏசியை விட்டுவிட்டு ஹீட்டரைச் சந்தேகப்படுங்கள். கூலிங் காயிலுக்குப் பக்கத்திலேயே ஹீட்டர் காயிலும் இருக்கிறது. அதற்குள் என்ஜின் சுடுதண்ணீர் ஓடுகிறது. நீலம், சிவப்பு போட்ட குமிழைத் திருப்பும்போது உள்ளே ஒரு மடல் அசைந்து, கூலிங் காயிலைத் தாண்டி வரும் காற்றில் எவ்வளவு ஹீட்டர் காயில் வழியே போக வேண்டும் என்று பிரிக்கிறது. சின்ன வண்டியில் அதை இழுப்பது ஒரு கம்பி. அது கிளிப்பிலிருந்து நழுவினால், நீங்கள் குமிழை நீலத்தில் வைத்திருந்தாலும் மடல் முழுதாக மூடாது. குளிர்ந்த காற்றில் சுடுகாற்று கலந்துகொண்டே இருக்கும்.

ஹீட்டருக்குப் போகிற ஹோஸைச் சற்று நேரம் கிளாம்ப் போட்டு அடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர் கூடினால் நோய் அதுதான். ஒருமுறை நானே இதைக் கவனிக்காமல் ஒரு வண்டியின் டேஷ்போர்டையே கழற்றிக் கூலிங் காயிலை வெளியே எடுத்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் காரணம் கட்டைவிரல் நகம் அளவு பிளாஸ்டிக் கிளிப். அந்த வாடிக்கையாளரிடம் கூலி வாங்கவில்லை.

கேள்வி (குன்னூர்): ஹீட்டர் வெதுவெதுப்புக்கு மேல் போவதில்லை. இறக்கத்தில் இன்னும் மோசம்.

பதில்: தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள். "சூடேறாமல் இருக்கும்" என்று அதைக் கழற்றி எறிகிற பழக்கம் நம்மூர் மெக்கானிக்குகளிடம் வெகுகாலமாக உண்டு. என்ஜின் 80 சொச்சம் டிகிரி வருகிறவரை, என்ஜினைக் குளிரவைக்கிற திரவமான கூலண்டை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்துவைப்பதுதான் அந்த வால்வின் வேலை. அது இல்லாவிட்டால் குன்னூர்க் குளிரில் என்ஜின் சூடேறவே ஏறாது. ஹீட்டர் கடன் வாங்குவது என்ஜினிடம்தானே? மைலேஜும் சேர்ந்து அடிபடும். காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெதுவெதுப்பாகிறது என்றால் வால்வு இல்லை, அல்லது திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது.

வால்வு சரி என்றால், ஹீட்டருக்குப் போய்வருகிற இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போக வேண்டாம். இரண்டும் சூடு என்றால் உள்ளே மடல் வேலை செய்யவில்லை. ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் ஹீட்டர் காயில் அடைப்பு, இல்லாவிட்டால் உள்ளே காற்று பிடித்திருக்கிறது. கூலண்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் உப்பும் துருவும் சேர்ந்து அந்த நுண்குழாய்களைக் கட்டிவிடும்.

கேள்வி (திண்டுக்கல்): கொடைக்கானல் ஏறும்போது முன் கண்ணாடி உள்ளே பனி பிடித்து ஒன்றுமே தெரியவில்லை. ஏசி போட்டால் குளிர், ஹீட்டர் போட்டால் இன்னும் புகைகிறது.

பதில்: இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்தெடுக்கும், ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்கும். காற்றுத் திசை கண்ணாடிக்கு, ரீசர்குலேஷன் கண்டிப்பாக ஆஃப். ஐந்து பேர் மூச்சு விடுகிற சின்ன வண்டியில் அந்த ஈரத்தையே சுற்றவிட்டால் பனி எப்படிப் போகும்? மழைக்காலத்தில் சமவெளியில் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் பனி பிடித்தால் கதை நேரெதிர்: கண்ணாடி மேல் படுகிற குளிர்க்காற்றைத் திருப்பிவிட்டு, வைப்பரை ஒரு முறை போடுங்கள்.

கேள்வி (சேலம்): 800 சிசி வண்டி. ஏற்காடு ஏறும்போது ஏசி போட்டால் மூச்சு வாங்குகிறது.

பதில்: வாங்கத்தான் செய்யும். கம்ப்ரஸரைச் சுற்றுவது அதே சின்ன என்ஜின்தான். 20 கொண்டை ஊசி வளைவிலும் வளைவுக்கு முன் ஏசியை அணைத்து, நிமிர்ந்தபின் போடுங்கள். வெப்பமுள் ஏறுகிறதென்றால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகப் போடுங்கள். வியர்க்கும், ஆனால் என்ஜின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே இறங்கும். இறங்கும்போது ஆசை தீர ஏசி போடுங்கள். கியரில் இருக்க, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்ஷன் வண்டிகள் பெட்ரோலையே நிறுத்திவிடும். மலைதான் கம்ப்ரஸரைச் சுற்றுகிறது.

கேள்வி (யாழ்ப்பாணம்): அண்ணை, ஜப்பானிலயிருந்து வந்த 658 சிசி வேகன் ஆர். சிக்னலிலை நிண்டா எஞ்சின் தானா நிக்குது, கொஞ்ச நேரத்திலை உள்ளுக்கு ஒரே வெக்கை. பழுதோ?

பதில்: பழுது இல்லைத் தம்பி. எரிபொருள் மிச்சம் பிடிக்க எஞ்சின் நிற்கும்போது பெல்ட்டில் ஓடுகிற கம்ப்ரஸரும் நிற்கிறது, காற்றாடி மட்டும் ஓடுகிறது. கூலிங் காயிலில் மிச்சமிருக்கிற குளிர் தீர்ந்ததும் வெக்கைதான். ஐடில் ஸ்டாப் ஆஃப் பட்டன் இருக்கும். வெயில் நேரத்தில் டவுனுக்குள் அதை அழுத்திவிட்டு ஓட்டுங்கள்.

கேள்வி (திருச்சி): ஏசி போட்டதும் ஈரத்துணி வாடை. கால் மிதியிலும் தண்ணீர்.

பதில்: கூலிங் காயிலில் சேர்கிற தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. அதைக் குத்திவிட்டால் இரண்டும் பெரும்பாலும் தீரும். குளோவ் பாக்ஸுக்குப் பின்னால் கேபின் ஃபில்டர் இருந்தால் மாற்றுங்கள் (விலை குறைந்த சில மாடல்களில் அது இருக்கவே இருக்காது). வீடு சேர மூன்று நிமிடம் இருக்கும்போது ஏசியை அணைத்துப் புளோயரை மட்டும் ஓடவிட்டால் காயில் காயும், பூஞ்சை பிடிக்காது. வாசனைப் புட்டி வாங்கித் தொங்கவிடுவது பிணத்துக்குப் பூப்போடுவது மாதிரி.

கேள்வி (கோவை): இரவுப் பயணத்தில் ஓரமாக நிறுத்தி ஏசி போட்டபடி தூங்கலாமா?

பதில்: கூடாது. "ஏசி கேஸ் தாக்கி இறந்தார்" என்று செய்தியில் வருகிற மரணங்கள் பெரும்பாலும் ஏசி கேஸால் வந்தவை அல்ல. நின்றபடி ஓடுகிற என்ஜினின் சைலன்ஸர் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமும் இல்லை, வாடையும் இல்லை. துருப்பிடித்த சைலன்ஸர், கதவு ரப்பர், தரை ஓட்டை, எது வழியாகவும் உள்ளே வரும். ரீசர்குலேஷன் அதைத் தடுக்காது. என்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கித் தூங்குங்கள். கொசு கடித்தால் கடிக்கட்டும்.

கேள்வி (தஞ்சாவூர்): ஷெட்டுக்குப் போகுமுன் என் ஏசி நல்லதா கெட்டதா என்று நானே பார்க்க வழி உண்டா?

பதில்: குச்சி மாதிரி நீண்ட ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். வண்டியை நிழலில் நிறுத்தி, கதவு கண்ணாடியெல்லாம் மூடி, ரீசர்குலேஷன் போட்டு, புளோயர் இரண்டில் வைத்து, என்ஜினைச் சுமார் 1500 ஆர்பிஎம்-மில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். நடு வென்ட்டுக்குள் குச்சியைச் செருகிப் பாருங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது 6-லிருந்து 10-க்குள் காட்டினால் ஏசி ஆரோக்கியம். கடலோரப் புழுக்கத்தில் ஒன்றிரண்டு கூடலாம். 15-ஐத் தாண்டினால் வைத்தியம் தேவை. அந்த எண்ணையும் அன்றைய வெளி வெப்பத்தையும் எழுதிக்கொண்டு ஷெட்டுக்குப் போங்கள். வேலை முடிந்ததும் காசு கொடுப்பதற்கு முன் அங்கேயே மறுபடி செருகிப் பாருங்கள்.