வீட்டில் கட்டிய கே.ஆர்-2 விமானத்தின் காக்பிட்டை அகலப்படுத்த முடியுமா?

முடியும். ஆனால் சுவரை இடித்து ரூமைப் பெரிதாக்குகிற வேலை என்று நினைத்து இறங்காதீர்கள். அமெரிக்காவில் நான் இருந்த ஊரின் சின்ன விமான நிலையத்தில், பக்கத்து ஹேங்கர் (விமானக் கொட்டகை) பெரியவர் தன் கே.ஆர்-2-வைப் பிரித்து 4 அங்குலம் அகலம் கூட்டினார். சனி, ஞாயிறுகளில் அவருக்கு எடுபிடி நான்தான்.

கென் ராண்ட் 1970-களில் வடிவமைத்த விமானம் அது. ஸ்ப்ரூஸ் மரச்சட்டம், ப்ளைவுட், மேலே ஃபோமும், எபாக்ஸி என்கிற இரண்டு திரவம் கலந்து ஒட்டும் பசையும். ஃபோக்ஸ்வாகன் கார் எஞ்சினே இழுத்துவிடும். இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம் என்பார்கள். கொஞ்சம் தாட்டியான ஆட்கள் என்றால் ஒருவர் தன் கையை அடுத்தவர் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சிக்கல் இங்கேதான். இதன் பக்கச்சுவர் இரண்டையும் மேசைமேல் தட்டையாக ஒட்டி, அப்புறம்தான் நிமிர்த்திச் சேர்ப்பார்கள். தோளுக்கு இடம் வேண்டுமென்று மேல்பக்கத்தை வெளியே சாய்த்தால், நேராக இருந்த சட்டம் வில் மாதிரி வளைந்துவிடும். அதனால் அவர் விமானத்தின் உடம்பைப் புதிதாகவே கட்டினார். இறக்கை, வால், எஞ்சின் மட்டும் பழையவை. தலைக்குமேல் மூடுகிற கண்ணாடிக் கூடான கேனப்பியும் புதிது, அக்ரிலிக்கை இழுத்து நீட்ட முடியாதே!

எபாக்ஸி கலக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு மரத்துண்டை ஒட்டி, தேதி எழுதி வைத்து, மறுநாள் சுத்தியலால் உடைப்பார். மரம் கிழிந்தால் சரி. ஒருநாள் நான் கலந்தது, ஒட்டின இடத்திலேயே சுத்தமாக விட்டுக்கொண்டது. அளவு தப்பியிருக்கிறது. அன்று ஒட்டிய மூன்று குறுக்குச்சட்டத்தையும் அறுத்தெடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த வாரம் மேசையில் புதுத் தராசு ஒன்று இருந்தது.

அகலத்தைவிட எடைக்குப் பயப்படுங்கள். இறக்கையைத் தாங்கும் குறுக்கு உத்தரமான ஸ்பாருக்குப் பின்னால் சீட் இருப்பதால், கனத்த ஆள் ஏற ஏற ஈர்ப்பு மையம் பின்னால் போகும். ஏற்கெனவே ஸ்டிக்கை, அதாவது ஓட்டுகிற பிடியை, லேசாகத் தொட்டாலே மூக்கு ஆடுகிற விமானம் இது. பிறகு வந்த கே.ஆர்-2எஸ்-ஐ 16 அங்குலம் நீட்டியதில் அர்த்தம் இருக்கிறது. மூன்று சக்கரத்துக்கும் அடியில் எடைமேடை வைத்துக் கணக்குப் போட்டு, பேட்டரியை முன்னால் தள்ளினார்.

அமெரிக்காவில் இவ்வளவு பெரிய மாற்றம் செய்தால் குறைந்தது 5 மணி நேரமாவது மறுபடி சோதனைப் பறத்தல் வேண்டும், பயணி ஏறக்கூடாது. அது முடிந்துதான் என்னை ஏற்றினார். முழங்கை இடிக்கவில்லை. முட்டி மட்டும் பேனலில் உரசியது. நீளத்தை நாங்கள் தொடவே இல்லையே.